வில்லனுக்கும் மறுநாள் விடியும்: சுப்பர் ஹீரோ குழுக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கொமிக்ஸ் வரையும் இளம் பிள்ளைகள் சிலருடைய பக்கங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது சில வருடங்களாக எனக்கு மிகவும் பிடித்த வேலை. பெரும்பாலும் சுப்பர் ஹீரோ குழுக் கதைகள்தான் வரும். ஐந்து பேர், ஆளுக்கொரு சக்தி, துறைமுகத்துக்கு மேலே ஒரு பெரிய சண்டை, கடலிலிருந்து எழும்பி வரும் ஒரு வில்லன், கடைசிப் பக்கத்தில் கோணேசர் மலைக்குப் பின்னால் சூரியன். கோடுகள் எல்லாம் அருமையாக இருக்கும். ஆனால் வாசித்து முடித்துப் பக்கத்தை மூடினால் மனதில் எதுவும் தங்காது.

இதற்கான காரணத்தை எனக்குக் காட்டியது ஒரு சிறுமியின் கேள்வி. இரண்டு பக்கத்தையும் நிறைத்து ஒருவர் ஒரு சண்டை வரைந்திருந்தார். நாயகன் உப்புவெளிக் கரையில் கிடந்த வள்ளம் ஒன்றைத் தூக்கி வில்லன் மேல் எறிகிறான். எல்லோரும் ஆகா என்று பார்த்துக்கொண்டிருக்க, மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அது ஆருடைய வள்ளம்?"

முதல் தவறு அதுதான், மிகப் பெரிய தவறும் அதுதான். உடைந்த பொருளுக்குச் சொந்தக்காரன் இல்லாத கதை. அந்த வள்ளத்தில் ஒரு இஞ்சின் இருந்திருக்கும். இஞ்சினுக்குக் கடன் இருந்திருக்கும், அந்தக் கடனுக்கு யாரோ ஒருவருடைய நகை அடகில் இருக்கும். நாயகன் வென்ற அடுத்த நாள் காலை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? யதார்த்தம் என்று நான் சொல்வது அந்தக் காலையைத்தான்.

அமெரிக்கக் கொமிக்ஸ்களிலேயே இதைப் பற்றி யோசித்தவர்கள் உண்டு. 1980களின் கடைசியில் டுவெய்ன் மக்டஃபி என்ற எழுத்தாளர், சுப்பர் ஹீரோக்கள் சண்டை போட்ட பிறகு இடிந்த கட்டடங்களைத் திருத்திக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட 'டமேஜ் கொன்ட்ரோல்' என்ற நிறுவனத்தை மார்வல் பதிப்பகத்தின் கதை உலகத்துக்குள் கொண்டுவந்தார். 2006இல் வந்த மார்வலின் 'சிவில் வோர்' தொடரோ ஒரு பாடசாலைக்கு அருகில் நடக்கும் விபரீதத்தோடு தொடங்குகிறது. அனுபவமில்லாத இளம் நாயகர்கள் வில்லன்களை மடக்கப் போய், வில்லன்களில் ஒருவன் வெடிக்க, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோகிறார்கள். இறந்தவர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே முழுக் கதையையும் நகர்த்துகிறது.

இதற்கு அடுத்த தவறு, யதார்த்தம் என்றால் இருட்டும் இரத்தமும் என்று நினைப்பது. 1986இல் தொடங்கி 12 இதழ்களாக வந்த 'வொட்ச்மென்' என்ற கொமிக்ஸ் வெற்றி பெற்ற பிறகு பலரும் இந்தக் குழியில் விழுந்தார்கள். மழை, வன்முறை, சிடுசிடுத்த நாயகன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். அதை எழுதிய அலன் மூரும் வரைந்த டேவ் கிப்பன்ஸும் தெருமுனை ஒன்றில் ஒரு பத்திரிகைக் கடைக்காரரையும், காசு கொடுக்காமல் அங்கே இருந்து கொமிக்ஸ் வாசிக்கும் ஒரு பையனையும் இதழுக்கு இதழ் திரும்பத் திரும்பக் காட்டியதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நகரம் தாக்கப்படும்போது நமக்கு நெஞ்சு அடைப்பது அந்த இரண்டு பேராலும்தான். எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணீர்க் கடையை முதல் பக்கத்திலிருந்தே வரைந்து வைத்துப் பாருங்கள். கடைக்காரருக்கு மூன்று இடத்தில் இரண்டு வரி வசனம் கொடுத்தால் போதும். கடைசியில் அந்தக் கடையின் கதவு திறக்காமல் கிடந்தால், ஒரு சொட்டு இரத்தமும் வரையத் தேவையில்லை.

சரி, இப்போது வில்லனிடம் வருவோம்.

பிள்ளைகளின் கதைகளில் வில்லன் உலகத்தை அழிக்க வருகிறான். ஏன் என்று கேட்டால், "அவன் கெட்டவன்" என்பார்கள். இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1954இல் கொமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட ஒழுக்கக் கோவை, குற்றவாளி மேல் வாசகருக்கு இரக்கம் வரக்கூடாது, நன்மை எப்போதும் வெல்ல வேண்டும் என்று விதித்தது. 1971இல்தான் அது சற்றுத் தளர்ந்தது. அந்த இடைக்காலத்தில் பிறந்த வில்லன்கள் பலர் தட்டையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1963இல், எக்ஸ்-மென் என்ற மார்வல் நாயகக் குழுவின் முதல் இதழில் வந்த வில்லன் மக்னீட்டோ ஓர் ஏவுகணைத் தளத்தைப் பிடிக்கிறான், தோற்கிறான், போகிறான். அடுத்த வருடம் அவன் அமைத்த குழுவின் பெயரிலேயே 'தீய' என்ற சொல் இருந்தது. தன் சங்கத்துக்குத் தானே அப்படிப் பெயர் வைக்கும் மனிதன் உலகத்தில் எங்கும் இல்லை. எவனும் தன்னை நியாயவான் என்றுதான் நினைத்துக்கொள்வான்.

1981இல் எக்ஸ்-மென் 150ஆவது இதழில் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மொன்ட் அதே மக்னீட்டோவை வேறு ஆளாக்கினார். வல்லரசுகள் அணு ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்று அவன் மிரட்டுகிறான். தன்னைத் தாக்கிய சோவியத் நீர்மூழ்கியை ஆட்களோடு மூழ்கடிக்கிறான். சண்டையில் எக்ஸ்-மென் குழுவின் பதின்ம வயதுச் சிறுமி கிட்டி பிரைடை வீழ்த்திவிட்டு, கொன்றுவிட்டோம் என்று நினைத்து அப்படியே நின்றுவிடுகிறான். அவன், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஒளஷ்விட்ஸ் முகாமில் வளர்ந்தவன் என்பது அந்த இதழில் தெரியவருகிறது. கிட்டி யூதப் பிள்ளை. எதைப் பார்த்து வெறுத்தானோ அதையே தான் செய்யத் தொடங்கிவிட்டான் என்று அவனுக்கே விளங்கும் இடம் அது. வில்லனை ஒரு அடியும் அடிக்காமல் தோற்கடித்த காட்சிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் நுட்பமான ஒரு தவறு காத்திருக்கிறது. இதை வாசித்துவிட்டு வரும் பிள்ளை அடுத்த கதையில் வில்லனுக்கு ஒரு சோகமான சிறுவயதைக் கொடுத்துவிடும். அப்பா இறந்தார், வீடு எரிந்தது, ஆகவே அவன் கெட்டவனானான். எங்கள் ஊரில் இதை எழுதும்போது மிகவும் கவனம் வேண்டும். யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26இன் கடலிலும் ஆட்களை இழக்காத தெரு இங்கே குறைவு. இழந்தவர்கள் சந்தையில் மரக்கறி விற்கிறார்கள், பாடசாலையில் படிப்பிக்கிறார்கள், விடியற்காலையில் வலை இழுக்கிறார்கள். துக்கம் ஒரு மனிதனை வில்லனாக்கிவிடும் என்று எழுதினால் அவர்கள் எல்லோரையும் பற்றிப் பொய் எழுதியதாகிவிடும். துக்கத்திலிருந்து ஒருவன் என்ன முடிவுக்கு வந்தான் என்பதில்தான் கதை இருக்கிறது. 'இனி எங்களை யாரும் தொடக்கூடாது, அதற்காக நான் யாரையும் தொடுவேன்' என்ற முடிவுக்கு மக்னீட்டோ வந்தான். அதே துக்கத்திலிருந்து வேறு முடிவுக்கு வந்த இன்னொரு பாத்திரத்தை அவன் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அந்த ஆள் உங்கள் நாயகக் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது.

வில்லனுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று நாங்கள் வெளியே போய்த் தேடவே வேண்டியதில்லை. இராமாயணத்தின் வில்லனுக்கு எங்கள் ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களைப் பாருங்கள். கோயில் மலையில் இராவணன் வெட்டு, தாய் வழிபடுவதற்காக அவன் மலையைப் பெயர்க்க முயன்ற இடம் என்பது ஐதீகம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், இறந்த தாய்க்கு ஈமக்கடன் கழிக்க அவன் நிலத்தில் குத்திய ஏழு இடங்கள் என்பார்கள். சீதையைக் கவர்ந்தவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆள் தாய்க்காக அழுத இடத்தில்தான் நாங்கள் குளிக்கிறோம். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. மார்வலின் வில்லன் டொக்டர் டூமிடமும் இதே நரம்பு ஓடுவதைக் கண்டபோது எனக்குச் சிலிர்த்தது. அவன் கொடுங்கோலன்தான், ஆனால் நரகத்தில் சிக்கிய தாயின் ஆன்மாவை மீட்க வருடா வருடம் போராடித் தோற்பவன். 1989இல் வந்த கதையில் டொக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்ற மந்திரவாதி நாயகனையும் கூட்டிக்கொண்டு அதற்காகவே நரகத்துக்குப் போகிறான். வில்லன் சண்டை இல்லாத நாளில் எங்கே போவான், யாருக்காகப் போவான் என்று ஒரு பக்கம் வரைந்து பாருங்கள்.

குழுக் கதைகளில் வில்லனோடும் ஒரு குழு இருக்கும். அவர்கள் எல்லோரும் தலையாட்டுபவர்களாக இருப்பது அடுத்த தவறு. கம்பரின் கும்பகர்ணனை நினைத்துப் பாருங்கள். அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். விபீடணன் வந்து கூப்பிட்டபோதும், இவ்வளவு நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். ஒருவன் பிழை என்று விலகுகிறான், ஒருவன் பிழை என்று தெரிந்தே நிற்கிறான். இந்த இரண்டு தம்பிமாரும் இல்லாவிட்டால் இராவணனின் பக்கம் எவ்வளவு வெறுமையாக இருந்திருக்கும்! உங்கள் வில்லனின் அடியாட்களில் ஒருவனுக்காவது மனதுக்குள் ஒரு கணக்குத் தீராமல் இருக்கட்டும்.

குழுவை எழுதும்போது இன்னொரு சிக்கல். வில்லனைச் சமாளிக்கும் அளவுக்குச் சக்தி குழுவில் ஒருவருக்கு மட்டும் இருக்கும். மற்ற நான்கு பேரும் பின்னால் நின்று "பார்த்து!" என்று கத்துவார்கள். 1960இல் ஜஸ்டிஸ் லீக் என்ற நாயகக் குழு முதன்முதலாக வந்த கதையில் இதற்கு ஒரு எளிய வழி இருந்தது. ஸ்டாரோ என்ற இராட்சத நட்சத்திர மீனின் மூன்று துணைகள் மூன்று இடங்களில் தாக்க, நாயகர்கள் பிரிந்து போய் எதிர்கொண்டு, பிறகு ஒன்றுசேர்கிறார்கள். பழைய முறைதான், ஆனாலும் ஒவ்வொருவருக்கும் வேலை இருக்கிறது. மூதூரில் ஒன்று, நிலாவெளியில் ஒன்று, துறைமுகத்தில் ஒன்று என்று பிரித்தால் உங்கள் ஊரையும் முழுதாகக் காட்டிவிடலாம்.

வசனம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்லன் திட்டத்தை நீட்டி முழக்குவது கூத்து அரசன் சபைக்கு வந்து தன்னைத் தானே அறிவிப்பது போன்றது. இராக் கூத்தில் தூரத்தில் இருப்பவனுக்கும் விளங்க வேண்டும், அதனால் அங்கே அழகு. கொமிக்ஸில் படம் இருக்கிறது. 'வொட்ச்மென்' வில்லனும் விளக்கம் சொல்கிறான்தான், ஆனால் காரியத்தை முடித்த பிறகு சொல்கிறான். அதனால்தான் அந்தப் பக்கம் குளிர்கிறது. அப்புறம், செத்தவர்களை எழுப்புவது. 1980இல் எக்ஸ்-மென் நாயகி ஜீன் கிரே இறந்ததை வாசகர்கள் மறக்கவே இல்லை. சில வருடங்களில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்த மரணத்தின் கனம் பாதி போய்விட்டது. முடிந்தவரை செய்யாதீர்கள்.

நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று சமூகங்கள் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. வில்லனுக்கு மட்டும் வேறு சமூகத்து உடை, தொப்பி, பேச்சு வழக்கு என்று வரைந்தால், வாசகர் அந்த ஒருவனோடு ஒரு தெருவையே வெறுக்கப் பழகிவிடுவார். வரைந்தவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது, ஆனாலும் படம் அதைச் செய்துவிடும். 1982இல் வந்த 'கோட் லவ்ஸ், மேன் கில்ஸ்' என்ற எக்ஸ்-மென் கதையில் வில்லன் ஒரு மதப் பிரசாரகர். சக்தி எதுவும் இல்லாத சாதாரண மனிதர், தன் வெறுப்பைக் கடவுளின் கட்டளை என்று நம்புபவர். கடைசியில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒரு சிறுமியைச் சுடப் போகும்போது அவரைத் தடுப்பது அங்கே காவலுக்கு நின்ற ஒரு பொலிஸ்காரர். வெறுப்பவரும் சாதாரண மனிதர்களில் ஒருவர், தடுப்பவரும் அவர்களில் ஒருவர். உங்கள் வில்லன் எந்தச் சமூகத்தவனாகவும் இருக்கட்டும், அதே சமூகத்திலிருந்து அவன் கையைப் பிடிக்கும் ஒருவரும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

வள்ளத்தை எறிந்த பக்கத்தை வரைந்தவர் போன மாதம் அதைத் திருத்திக்கொண்டு வந்தார். நாயகன் இப்போதும் வள்ளத்தைத் தூக்குகிறான். ஆனால் முகப்பில் எழுதியிருக்கும் பதிவு இலக்கமும் அதற்குக் கீழே ஒரு பெண்பிள்ளையின் பெயரும் கண்ணில் பட, ஒரு கட்டம் முழுவதும் தயங்கி நிற்கிறான். பிறகு எறிகிறான். அடுத்த பக்கம் விடிகிறது, நாயகன் முகமூடி இல்லாமல் கரையில் நிற்க, ஒரு கிழவர் பலகைத் துண்டுகளைப் பொறுக்குகிறார். இருவருக்கும் வசனம் இல்லை. நான் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லன் மட்டும் இன்னும் வெறும் கடலிலிருந்துதான் எழும்பி வருகிறான். எந்த ஊர்க் கரையிலிருந்து இறங்கியவன், அங்கே அவனைத் தேடும் ஆட்கள் யார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.