நெல் ஊறும் தொட்டியில் தொடங்குங்கள்

கிளிநொச்சி, பரந்தன், வவுனியாப் பக்கத்துச் சிறு அரிசி ஆலைகளில் நவீன தொழில்நுட்பம் என்ற பேச்சு வந்தால், கலர் சோட்டர் (நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் இயந்திரம்) வாங்குவதா, கணினியில் கணக்கு வைப்பதா என்றுதான் யோசிக்கிறார்கள். அவித்த நெல் குத்தும் ஆலை முதலில் செலவழிக்க வேண்டிய இடம் ஊறல் தொட்டி. சுடுநீர் ஊறலுக்கு 60 முதல் 70 பாகை செல்சியஸ் வேண்டும். குறைந்தால் ஊறல் இழுபட்டு நெல் புளிக்கும், சோற்றில் ஊறல் நாற்றம் அடிக்கும். கூடினால் உமி வெடித்து மாப்பொருள் தண்ணீரில் கரையும். மேலே கை வைத்துப் பார்ப்பவருக்கு அடியில் ஆறிக் கிடப்பது தெரியாது. அதனால் தொட்டியின் மேல், நடு, அடி வெப்பநிலையை அளந்து பதியும் ஒரு சிறு கருவியைச் செய்து வையுங்கள்.

வேண்டியவை: ஈஎஸ்பி32 போர்ட் (அளவுகளை வாங்கிப் பதியும் சிறு கணினிப் பலகை) ஒன்று, வயருடன் வரும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சர் மூன்று, 4.7 கிலோ ஓம் தடை ஒன்று, டிஎஸ்3231 கடிகார மொடியூல், மெமரி கார்ட் மொடியூல், 5 வோல்ற் போன் சார்ஜர்.

மூன்று சென்சருக்கும் ஒரே தரவு வயர் போதும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி (அடையாள எண்) உண்டு. தொட்டியில் இறக்குமுன் முகவரியைப் படித்து மேல், நடு, அடி என்று வயரில் சீட்டு ஒட்டுங்கள். பிறகு தேடினால் தலையிடி. தடையைத் தரவு வயருக்கும் 3.3 வோல்ற்றுக்கும் இடையில் போடுங்கள். நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் மூன்றையும் வைத்துப் பாருங்கள்: 0 பாகையிலிருந்து அரைப் பாகைக்கு மேல் விலகுவதை மாற்றுங்கள்.

சென்சரை வெறுமனே நீரில் விடாதீர்கள். சூட்டில் ஒட்டுப்பசை விட்டு உள்ளே நீர் இறங்கும். அடி மூடி வெல்ட் செய்த துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் மூன்றை, வெவ்வேறு நீளத்தில், மேலிருந்து இறக்குங்கள். தொட்டியில் துளை போடத் தேவையில்லை. சென்சர் நுனியில் வெப்பத்தைக் கடத்தும் பசை பூசினால் அளவு உடனுக்குடன் வரும். ஒரே குழாய்க்குள் மூன்றையும் விட்டால் உள்ளே காற்றுச் சுழன்று அளவுகள் கலந்துவிடும்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் போதும். பதிவில் 85 வந்து அசையாமல் நின்றால் அது சூடு இல்லை, சென்சர் அளக்கத் தொடங்கவில்லை. பெரும்பாலும் மின்சாரம் சரியாகப் போகவில்லை. -127 என்றால் வயர் அறுந்திருக்கும். கரண்ட் போனால் பதிவு நிற்கும், ஆனால் நாணய பற்றரி கடிகாரத்தைக் காக்கும். பவர்பாங்க் வைப்பதென்றால் முதலில் சோதியுங்கள்: இழுக்கும் கரண்ட் குறைவு என்று சிலது தானே அணைந்துவிடும். வைபை வேண்டுமானால் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் பிடிக்கும். ஆலையில் சிக்னல் இல்லாவிட்டால் கார்ட்டே நம்பகமானது.

பதிவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவித்துக் காயவைத்த நெல்லில் ஒரு பிடி எடுத்து, உமி நீக்கி, மணிகளைக் குறுக்காக உடையுங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஊறலோ அவியலோ போதவில்லை. அன்றைய அடிமட்ட வெப்பநிலையுடன் இதையும் எழுதி வையுங்கள். அடி தொடர்ந்து ஆறினால் தண்ணீரை அடியிலிருந்து இழுத்து மேலே விடும் சுழற்சிப் பம்பே மருந்து. விறகைக் கூட்டினால் மேல்மட்டம்தான் வேகும்.

இது ஒரு பெரும்போகம் ஒழுங்காக ஓடிய பிறகு மில் மோட்டரின் கரண்டை அளக்கலாம். கரண்ட் அளக்கும் கிளாம்பை மூன்று பேஸ் கேபிள் முழுவதையும் சுற்றி மாட்டினால் பூச்சியம்தான் காட்டும்; ஒரு பேஸ் வயரை மட்டும் தனியே பிரித்து மாட்டுங்கள்.