இரட்டையரில் ஒரு சிசு இறந்துவிட்டால்: மற்றதைப் பிரசவம் வரை காப்பது எப்படி

ஒரு சிசுவுக்கு இதயத்துடிப்பு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது, "உடனே எடுத்துவிட வேண்டாமா?" என்பதுதான். பெரும்பாலும் வேண்டாம். இறந்த சிசு உள்ளே இருப்பதால் தாய்க்கோ உயிரோடிருக்கும் குழந்தைக்கோ விஷம் ஏறாது. முதல் மூன்று மாதத்தில் இறந்தது பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அதற்குப் பிறகு என்றால் மெல்லச் சுருங்கித் தட்டையாகி, பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியோடு வெளிவரும். அவசரப்பட்டுப் பிறக்க வைத்தால் குறைமாதத்தின் கேடு மற்றக் குழந்தையின் தலையில்தான் விழும்.

முதல் வேலை, 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுப்பது. 'டைகோரியானிக்' என்றிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. 'மோனோகோரியானிக்' என்றால் ஒரே நஞ்சுக்கொடியை இரண்டும் பகிர்ந்திருக்கின்றன. இனி எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவை. ரிப்போர்ட்டில் இல்லை, இப்போது பார்த்தும் சொல்ல முடியவில்லை என்றால், பகிர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு கவனிப்பதுதான் பாதுகாப்பு.

காரணம் இதுதான். பகிர்ந்த நஞ்சுக்கொடிக்குள் இரு சிசுக்களின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். ஒன்றின் இதயம் நிற்கும்போது அதன் ரத்த அழுத்தம் சரிய, மற்றதன் ரத்தம் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். உயிரோடிருக்கும் சிசுவுக்குத் திடீர் ரத்தசோகை வரும். மூளைக்கு ரத்தம் குறையும். 14 வாரத்துக்குப் பிறகு ஒன்று இறந்தால், பகிர்ந்த நஞ்சுக்கொடியில் மற்றதும் இறக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம். பிழைக்கும் குழந்தைக்கு நரம்பு வளர்ச்சிப் பாதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். தனித்தனி என்றால் முறையே 3, 2 சதவீதம்தான். அந்தப் பாதிப்பு இறப்பு நேர்ந்த நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் மறுநாள் சிசேரியன் செய்வதால் மூளையைக் காப்பாற்ற முடிவதில்லை.

பகிர்ந்த நஞ்சுக்கொடி என்றால் தாமதிக்காமல், வயிற்றிலிருக்கும் சிசுவைக் கவனிக்கும் சிசு மருத்துவ நிபுணரிடம் (ஃபீட்டல் மெடிசின்) செல்லுங்கள். சிசுவின் மூளை ரத்தக்குழாயில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) பார்த்து ரத்தசோகை இருக்கிறதா என்று சொல்வார்கள். அன்றைய ஸ்கேனில் மூளை நன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பி நிம்மதியடைய முடியாது. சேதம் படத்தில் தெரிய வாரங்கள் ஆகும். எனவே 4 முதல் 6 வாரம் கழித்துச் சிசுவின் மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும் டாப்ளரும் தேவை. தனித்தனி நஞ்சுக்கொடியானால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

முதல் மூன்று மாதத்தில் ஒன்று கரைந்திருந்தால் பொதுவாக மற்றதற்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் குரோமோசோம் குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனைகள், முக்கியமாக என்ஐபிடி (தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் மரபணுவைப் பார்ப்பது), கரைந்த சிசுவின் மரபணுவால் தவறான முடிவு காட்டலாம். பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாயின் ரத்த வகை ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிர்ப்பு உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். ரத்தம் உறைவதில் கோளாறு வருவது அரிது. தட்டணுக்களையும் உறைதலையும் ஒருமுறை பார்த்து வைப்பார்கள். ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு வருகையிலும் அளக்கச் சொல்லுங்கள்.

இரு வகையிலும் அதிகம் நடப்பது குறைமாதப் பிரசவம். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை இப்போதே முடிவு செய்யுங்கள். 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் வரும் போலிருந்தால் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்: பெட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. அது முழுப்பலன் தர நேரம் வேண்டும் என்பதால் விட்டுவிட்டு வயிறு இறுகுதல், நீர் கசிதல், ரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அசைவு குறைதல் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் புறப்படுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்காது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தைத்தான் கூட்டும்.

மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் 'இரட்டையரில் ஒன்று இறந்தது', எந்த வாரத்தில் என்பதோடு, பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்கேன் அறையிலும் அந்தத் தாயே அதைத் திரும்பச் சொல்லும்படி விடுவது கொடுமை. "ஒன்றாவது இருக்கிறதே" என்ற ஆறுதலை உறவினர்கள் தவிர்க்க வேண்டும். துக்கமும் எதிர்பார்ப்பும் ஒரே வயிற்றில் இருக்கும்போது அழுகை குழந்தையைக் கெடுத்துவிடாது, அழ விடுங்கள். தூக்கமில்லாமல், சாப்பிட மனமில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனநல உதவி தேவை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416.

வேறு சிக்கல் இல்லையென்றால் பகிர்ந்த நஞ்சுக்கொடியில் 34 முதல் 36 வாரத்தில் பிரசவம் திட்டமிடுவார்கள். தனித்தனி என்றால் 37 வாரத்தைத் தாண்டியும் காத்திருக்கலாம். ஒன்று இறந்தது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. இறந்த சிசுவைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே தாயிடம் கேட்டு வையுங்கள். நாள்பட்டிருந்தால் உருவம் மாறியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி பகிர்ந்ததாக இருந்திருந்தால் பிறந்த குழந்தைக்குத் தலை ஸ்கேனும், குறைந்தது இரண்டு வயது வரை வளர்ச்சிப் பரிசோதனையும் தேவை.