பழைய கார் வாங்குகிறீர்களா? சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள்

சிங்கப்பூரில் பழைய கார் தேடுகிறவர் முதலில் கேட்பது, "சிஓஇ இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது?" என்பதுதான். அடுத்தது, "ஆண்டுக்குத் தேய்மானம், அதாவது மதிப்புக் குறைவு, எவ்வளவு?" இரண்டும் நியாயமான கேள்விகள். காரைக் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருக்க உரிமை தரும் இந்த வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) 1990-ல் வந்தபிறகு, இங்கே காரை வாங்குவதென்பது அந்தச் சான்றிதழையும் சேர்த்து வாங்குவதாகவே இருக்கிறது. ஆனால் கேள்வியை அத்தோடு நிறுத்திக்கொள்வதில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன. சான்றிதழில் ஐந்து ஆண்டு மிச்சமிருக்கலாம். கியர்பாக்ஸில் ஐந்து மாதம்கூட இல்லாமல் இருக்கலாம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். 11 வயதான ஜப்பானிய கார், சான்றிதழ் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது, தேய்மானம் குறைவு. மூன்றாம் மாதம், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, குடும்பத்தோடு லிட்டில் இந்தியாவுக்குப் போகும் வழியில், தீவு விரைவுச்சாலை நெரிசலில் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியது. அப்போதே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். பின்னால் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று அடுத்த வெளிவழி வரை ஓட்டினேன். ரேடியேட்டர் குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று விரிசல் விட்டு, குளிர்நீர் முழுவதும் ஒழுகிப் போயிருந்தது. அந்த இணைப்பை முன்பே மாற்றியிருந்தால் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல் ஆகியிருக்கும். சூடேறிய பிறகும் ஓட்டியதால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், ரசீது 2,000 வெள்ளியைத் தாண்டியது.

பழைய காரில் மிகப் பெரிய செலவுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. உடைவது சிறிய பாகம். அதைக் கவனிக்காமல் ஓட்டுவது பெரிய பாகத்தைக் கொன்றுவிடுகிறது. முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். விரைவுச்சாலையில் கார் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். இது தெரியாமல், தற்செயலாக வந்து நிற்கும் யாரோ ஓர் இழுவை வண்டிக்காரரிடம் பேரம் பேசி ஏமாந்தவர்கள் உண்டு.

"குறைவாக ஓடிய கார், அதனால் நல்ல கார்" என்பது அடுத்த தவறு. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முதுமையடைவதில்லை. ஆண்டு முழுவதும் 30 டிகிரியைத் தாண்டும் வெயிலும் ஈரமும் நெரிசலில் எஞ்சினறையில் தேங்கும் சூடும் சேர்ந்து அவற்றைக் காய்ச்சுகின்றன. பத்து ஆண்டில் 70,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரிலும் குழாய்கள், எஞ்சின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ்கள், கதவு ரப்பர்கள் எல்லாம் பத்து வயதானவையே. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள காரானால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குக் கிலோமீட்டர் கெடுவோடு ஆண்டுக் கெடுவும் உண்டு. பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது, கார் ஏற்கெனவே சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினை முதன்முதலாக முடுக்கும்போதுதான் தட்டும் ஓசையும், வால்வு சீல் தேய்ந்ததைக் காட்டும் நீலப் புகையும் வெளிப்படும். பிறகு குளிர்சாதனத்தை முழுதாக ஓடவிட்டு இருபது நிமிடமாவது நின்ற இடத்திலேயே வைத்திருங்கள். ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகும் நாளில் அந்தக் கார் தாங்குமா என்பதற்கு இது ஒரு சிறு ஒத்திகை. நின்றிருக்கும்போது காற்று வெதுவெதுப்பாகி, ஓடத் தொடங்கியதும் குளிர்ந்தால், விசிறியிலோ கம்ப்ரசரிலோ குறை இருக்கலாம். குளிர்சுருள் ஓட்டையானால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகும்.

மலை இல்லாத ஊரில் கியர்பாக்ஸைச் சோதிக்கச் சிறந்த இடம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடம். மேல்தளம் வரை மெதுவாக ஏறுங்கள். சிவிடி எனப்படும், படிகளில்லாமல் மாறும் தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள கார் அந்த வேகத்தில் குலுங்கினாலோ, ரிவர்சில் போட்டபின் ஒரு நொடி தயங்கி உதறினாலோ வாங்காதீர்கள். இறங்கும்போது வேகத்தடைகளில் 'டொக் டொக்' என்று கேட்டால் அது புஷ் அல்லது அப்சார்பர். சில நூறு வெள்ளியில் முடியும், விலையில் கழித்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் அப்படி முடிவதில்லை.

"அண்மையில்தான் சோதனையில் தேறியது" என்று விற்பவர் சொல்வதையும் அளவோடு நம்புங்கள். பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குப் போகிறது என்பது உண்மை. அங்கே பிரேக், விளக்குகள், புகை, அடிப்பாகம் போன்ற பாதுகாப்புக் கூறுகளைத்தான் பார்க்கிறார்கள். கியர்பாக்ஸ் எத்தனை மாதம் தாங்கும் என்பது அவர்கள் வேலையில்லை. வாங்குவதற்கு முன் தனியாகக் காசு கொடுத்துச் செய்யும் மதிப்பீட்டுச் சோதனை வேறு. அதற்கு விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். காரின் வயதுக்கு இயல்பான தேய்மானத்தை அது ஈடுசெய்யாது. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பே இல்லை. நண்பரின் நண்பரிடம் 'நம்ம ஆள்' என்று வாங்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கையிலுள்ள பணம் முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. முதலாண்டுக்கென்று குறைந்தது 3,000 வெள்ளியைத் தொடாமல் வைத்திருங்கள். டயர், பேட்டரி, எண்ணெய்க் கசிவு என்று அது தானாகக் கரையும். சாலை வரியும் ஏறும்: பத்து வயதைத் தாண்டியதும் 10 விழுக்காடு கூடுதல், ஆண்டுதோறும் பத்துப் பத்தாக உயர்ந்து, 14 ஆண்டைத் தாண்டினால் 50 விழுக்காடு. 1,600 சிசி பெட்ரோல் காருக்கு வழக்கமாக ஏறக்குறைய 740 வெள்ளியாக இருப்பது 1,110 ஆகிவிடும்.

ரசீது பெரிதாக வரும்போது அதைச் சான்றிதழில் மிச்சமுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 50 மாதம் இருக்கும்போது 2,000 வெள்ளி என்பது மாதம் 40 வெள்ளி, செய்துவிடலாம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் காரின் சான்றிதழில் 14 மாதம் இருந்தபோது கியர்பாக்ஸ் குலுங்கத் தொடங்கியது. சின் மிங் பட்டறையில் 3,200 வெள்ளி கேட்டார்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 230 வெள்ளி. மனைவியிடம் கணக்கைக் காட்டினேன். அந்த வாரமே பதிவை நீக்கினோம். பயன்படுத்தாத மாதங்களுக்கான சான்றிதழ்த் தொகை திரும்பி வந்தது.