புது நம்பர், நாலே நாளில் முடக்கம்: வாட்ஸப்பில் வியாபாரம் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆடித் தள்ளுபடி தொடங்கும்போது வர ஆரம்பிக்கிற அழைப்புகள் தீபாவளிக்கு முந்தின வாரம்வரை ஓயாது. "வாட்ஸப் பேன் ஆயிருச்சு, எப்படியாவது எடுத்துக் கொடுங்க." கணக்கை வாட்ஸப் முடக்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டிலிருந்து சேலை, நைட்டி, மசாலாப் பொடி, கவரிங் நகை விற்பவர்களுக்கு வாட்ஸப் பிசினஸ் அமைத்துக் கொடுப்பது என் வேலை என்பதால் இந்தப் பஞ்சாயத்தும் என்னிடமே வந்து சேரும். அழைப்பவர்களில் மோசடிக்காரர் ஒருவரும் இல்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள்தான், நானும் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துகளை வரிசை மாறாமல் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள். லாட்டரி விழுந்திருக்கிறது, வீட்டிலிருந்தே தினம் ஐயாயிரம் சம்பாதிக்கலாம் என்றெல்லாம் அனுப்பினால் கணக்கு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"நான் தப்பா ஒண்ணும் எழுதலையே" என்று நினைப்பது

என்ன எழுதினீர்கள் என்பது அநேகமாகப் பிரச்சினையே இல்லை. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸப் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி பூட்டப்பட்டவை, நடுவில் நிறுவனத்தால் படிக்க முடியாது. அதனால் அது பார்ப்பது நடத்தையை. 2019-ல் வாட்ஸப் வெளியிட்ட விளக்க ஆவணம் ஒன்றில் இதை ஓரளவு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். கணக்கு பதிவாகும் நேரத்திலேயே அந்த எண், அது பயன்படுத்தும் இணைய இணைப்பு இவற்றின் பழைய வரலாறு பார்க்கப்படும். பதிவாகி ஐந்தே நிமிடத்தில், 15 விநாடிக்குள் 100 செய்தி அனுப்ப முயலும் கணக்கு அநேகமாக முறைகேடான கணக்குதான் என்று ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். நாம் தட்டச்சு செய்யும்போது எதிர்ப்பக்கம் தெரியுமே, அந்த 'டைப்பிங்' அடையாளம் இல்லாமலே செய்திகள் போய்க்கொண்டிருந்தால் அதுவும் ஒரு துப்பு. மாதத்துக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்குவதாகவும், அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் அண்மையில் யாரும் புகார் கொடுக்காதவை என்றும் அப்போது சொன்னார்கள். அது உலகம் முழுவதற்குமான கணக்கு.

இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபின் மாதாமாதம் அறிக்கை தருகிறார்கள். முதல் அறிக்கையில், 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை, +91 எண்களில் மட்டும் சுமார் 20 லட்சம் முடக்கம். 2024-ல் பல மாதங்களில் அது 70 லட்சத்தைத் தாண்டியது. ஆகவே உங்கள் நம்பரை யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து குறிவைத்து முடக்கினார் என்ற எண்ணம் வேண்டாம். இயந்திரம் பார்த்தது, இயந்திரம் முடக்கியது.

புது நம்பரிலிருந்தே "இது எங்கள் புது நம்பர்" என்று அறிவிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். செய்கிறவர் நல்லவராகவும் இருப்பார், இழப்பும் பெரிதாக இருக்கும்.

சேலம் பக்கம் ஓர் அக்கா, இளம்பிள்ளைச் சேலைகளை வீட்டில் வைத்து விற்கிறவர். சொந்த நம்பரிலேயே பல வருடமாக வியாபாரம். நடுராத்திரி எல்லாம் 'ரேட் என்ன சிஸ்டர்' என்று வருகிறது, தொழிலுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள் என்று வீட்டுக்காரர் சொல்ல, அதுவும் நியாயமான யோசனைதான், காலையில் புது சிம் வாங்கினார். மகனுடைய பழைய போனில் போட்டு, கூகுளில் இருந்த தொடர்புகளை அப்படியே இறக்கி, கடை லோகோவை முகப்புப் படமாக வைத்தார். அன்றைக்கே அந்த நம்பரைப் போட்டு விசிட்டிங் கார்டும் கட்டைப்பையும் அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் உட்கார்ந்தார். "அன்பு வாடிக்கையாளர்களே, இது எங்கள் புதிய எண், சேவ் செய்துகொள்ளவும்." கூடவே நாலு சேலைப் படம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டுப் பார்த்தார், ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. நிற்கத்தான் செய்யும், உங்கள் நம்பரைச் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும், புது நம்பரை யார் சேமித்திருப்பார்கள்? அது வேலைக்காகாது என்று தெரிந்ததும் ஃபார்வர்ட் செய்ய ஆரம்பித்தார். 2018-லிருந்தே இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது, அதனால் ஐந்து ஐந்தாகப் பெயரைத் தொட்டுத் தொட்டுத் தூக்கம் வரும்வரை அனுப்பியிருக்கிறார். காலையில் ஆர்டர் வந்திருக்கிறதா என்று திறந்தால், இந்தக் கணக்கு வாட்ஸப்பைப் பயன்படுத்த முடியாது என்று திரை.

"தம்பி, எல்லாருமே என் கஸ்டமருங்கதானே? யார்கிட்டயாவது நம்பரைக் காசு கொடுத்து வாங்குனனா?"

வாங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் என்ன தெரிந்திருக்கும் என்று பாருங்கள். வாடிக்கையாளர் போனில் 'சேலை அக்கா' என்று சேமித்திருப்பது பழைய நம்பரை. இப்போது வந்திருப்பது வெறும் +91-ம் பத்து இலக்கமும். திறந்தால், இவர் உங்கள் தொடர்புகளில் இல்லை என்று சொல்லி, பிளாக் செய்யும் பொத்தானைத் தயாராகக் கொண்டுவந்து கண்ணெதிரே வைக்கிறது. தெரியாத நம்பர், நாலு சேலைப் படம், பத்து மணி ராத்திரி. யாராக இருந்தாலும் பிளாக்தான். யாராவது ரிப்போர்ட்டும் கொடுத்தால், அந்த நம்பரிலிருந்து அவருக்குப் போன கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸப்புக்குப் போகும், அங்கே இருப்பதும் ஒரு விளம்பரம்தான். இதில் உச்சம், வருடக்கணக்காக அவரிடம் வாங்குகிற ஒருவர் பிறகு சொன்னது: "உங்க பேரச் சொல்லி எவனோ ஏமாத்தறான்னு நெனச்சேன்க்கா, அதான் ரிப்போர்ட் அடிச்சேன்." அக்காவைக் காப்பாற்றுவதற்காக அக்காவையே பிடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியுமா? இந்தக் காலத்தில் அதுதான் புத்திசாலித்தனம்.

இயந்திரத்துக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்: இன்று பிறந்த கணக்கு, தன்னைச் சேமித்திராத நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வேகத்தில் அனுப்புகிறது, பதில் ஏறக்குறைய இல்லை, பிளாக் மட்டும் ஏறுகிறது. புதிதாகக் குடிவந்தவர் முதல் ராத்திரியே தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினால் தெரு என்ன நினைக்குமோ அதைத்தான் அதுவும் நினைத்தது.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? பழைய நம்பரையே கைவிடப் போகிறீர்கள் என்றால் புதிதாகக் கணக்கு திறக்கவே கூடாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்பதற்குள் 'சேஞ்ச் நம்பர்' இருக்கிறது. கணக்கு, குழுக்கள் எல்லாம் அப்படியே புது நம்பருக்கு மாறும், யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதுவே கேட்கும். பல வருடமாக இருக்கும் இந்த வசதியைப் பத்தில் ஒருவர்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை.

அக்காவைப் போல இரண்டு நம்பரையும் வைத்துக்கொள்வதானால், அறிவிப்பு போக வேண்டியது பழைய நம்பரிலிருந்து. அதைத்தான் எல்லோரும் சேமித்திருக்கிறார்கள், அதிலிருந்து போட்டால் பிராட்காஸ்டும் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வீதம் ஒழுங்காகப் போய்ச் சேரும், ஸ்டேட்டஸும் தெரியும். வாட்ஸப் பிசினஸ் செயலிக்குள் உங்கள் நம்பருக்கான ஷார்ட் லிங்க் ஒன்றும் க்யூஆர் கோடும் கிடைக்கும். அந்த லிங்கைப் பழைய நம்பரின் அறிவிப்பில் போட்டு, "இனி ஆர்டருக்கு இதைத் தொட்டு ஒரு ஹாய் போடுங்க, புது டிசைன் அனுப்பறேன்" என்று சொல்லுங்கள். அவர்களாக வந்து பேச வேண்டும், முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது. முதலில் அவர் அனுப்பி நீங்கள் பதில் போட்டால் அது உரையாடல், நீங்களாகவே போய் நின்றால் விளம்பரம். க்யூஆர் கோடை பார்சலுக்குள் ஒரு சீட்டாகப் போட்டாலும் மாதத்துக்குள் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். முதல் சில நாட்கள் புது நம்பரை மனிதர் பயன்படுத்துவதுபோல் பயன்படுத்துங்கள்: வீட்டு ஆட்கள், தறிக்காரர், கூரியர்க்காரர், போகவும் வரவுமாகப் பேச்சு. இதற்குமேல் ஒரு வித்தையும் இல்லை.

இன்னொன்று. முதல் நாள் 20, இரண்டாம் நாள் 40 என்று அட்டவணை போட்டு 'நம்பரைச் சூடேற்றித் தருகிறேன்' என்று காசு வாங்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பாதுகாப்பான எண்ணிக்கை இவ்வளவு என்று வாட்ஸப் எங்கும் சொன்னதில்லை. உங்களைச் சேமித்திருக்கும் நூறு பேருக்கு அனுப்பி ஒன்றும் ஆகாமல் போகும், தெரியாத பத்துப் பேருக்கு அனுப்பி முடங்கவும் செய்யும். அட்டவணையில் யாருக்கு என்ற பத்தியே இருக்காது.

கட்டைப்பை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொன்றிலும் நம்பரை மறைத்து ஒட்டினார்கள்.

கேட்காமல் குழுவில் சேர்ப்பது

மேலே சொன்னதன் தம்பி. புது நம்பரில் 'தீபாவளி ஆஃபர் 1', 'ஆஃபர் 2' என்று குழுக்களாகத் திறந்து தொடர்பில் உள்ள எல்லோரையும் இழுத்துப் போடுவார்கள். குழுக்களை மளமளவென்று உருவாக்குவதும் ஆட்களை மொத்தமாகச் சேர்ப்பதும் அந்த 2019 ஆவணத்திலேயே சந்தேகத்துக்குரியதாகச் சொல்லப்பட்டது. 2019 ஏப்ரலிலிருந்து தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை அவரவரே முடிவு செய்யவும் முடியும். அழைப்பு லிங்கைக் கொடுங்கள், வருகிறவர் வரட்டும். ஒருவழியாகப் படம் மட்டும் போடுவதுதான் நோக்கம் என்றால் 2023 செப்டம்பரில் வந்த சேனல் வசதி போதும், அதில் யாரும் யார் நம்பரையும் பார்க்க முடியாது, அடுத்த ரீசெல்லர் உங்கள் குழுவுக்குள் புகுந்து ஆட்களைக் கொத்திக்கொண்டு போகிற தொல்லையும் இல்லை.

ஜிபி வாட்ஸப்

வாட்ஸப் நிறுவனம் வெளியிடாத போலிச் செயலி. அழித்துவிடுங்கள்.

மொத்தமாகச் செய்தி அனுப்பும் 'பல்க் சென்டர்' மென்பொருள்

"டிலே வெச்சு அனுப்பும் சார், கண்டுபிடிக்கவே முடியாது" என்பார் விற்பவர். கண்டுபிடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில்தான் அனுப்பியாக வேண்டும் என்கிற அளவுக்குத் தொழில் இருந்தால் வாட்ஸப்பின் ஏபிஐ வழிக்கு, அதாவது நிறுவனங்கள் மொத்தமாக அனுப்ப வாட்ஸப்பே தரும் வழிக்குப் போங்கள். நிறுவனச் சரிபார்ப்பு இல்லாமல் 24 மணி நேரத்தில் 250 பேரோடு தொடங்கி, வாடிக்கையாளர்கள் எப்படி ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரம்பு கூடும். காசு ஆகும். அனுப்பப்போகும் செய்தியின் வார்ப்புருவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், பெறுபவரின் சம்மதமும் இருக்க வேண்டும். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் உங்களுக்கு அவ்வளவு பெரிய பட்டியல் இன்னும் தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

சிம்மின் முன்ஜென்மத்தைப் பார்க்காமல் விடுவது

ஒன்றுமே அனுப்பாமல், பதிவு செய்த நிமிடத்திலேயே முடங்கியிருந்தால் தவறு உங்களுடையது இல்லாமலும் இருக்கலாம். துண்டிக்கப்பட்ட எண் 90 நாளாவது கழித்து வேறொருவருக்குப் போகும். முன்பு வைத்திருந்தவர் ஆட்டம் போட்டு முடக்கப்பட்டிருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில். அதனால் கார்டு அச்சடிக்கும் முன், போர்டு எழுதும் முன், நம்பரை வாட்ஸப்பில் பதிந்து சில வாரம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன்சி நம்பர் என்றால் இன்னும் கூடுதல் கவனம்.

"எதிர்க்கடைக்காரன் ரிப்போர்ட் அடிச்சுட்டான்"

இல்லை. புகார் கொடுத்தவருக்கும் உங்களுக்கும் இடையே எப்போதாவது பேச்சு நடந்திருக்கிறதா என்றும் பார்ப்பதாகவே வாட்ஸப் சொல்லியிருக்கிறது, ஆள் சேர்த்து அடித்துக் காலி செய்வது அவ்வளவு சுலபமில்லை.

பேன் ஆனதும் அடுத்த சிம் வாங்க ஓடுவது

அதே போன், அதே தொடர்புகள், அதே செய்தி, நம்பர் மட்டும் வேறு. இரண்டாவது நம்பர் முதலாவதைவிடச் சீக்கிரம் போகும், திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய முதல் நம்பரையும் அதற்குள் மறந்துவிட்டிருப்பார்கள்.

முடக்கம் இருவகை. திரையில் மணி நேரம் குறைந்துகொண்டே வந்தால் அது தற்காலிகம், பேசாமல் காத்திருங்கள், போனில் போலிச் செயலி இருந்தால் எடுத்துவிட்டு அசல் வாட்ஸப்பைப் போடுங்கள். மற்றதில் மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் அங்கேயே இருக்கும். அதில் நாலு வரி போதும்: என்ன தொழில், யாருக்கு அனுப்பினீர்கள், இனி எப்படி அனுப்புவீர்கள். குடும்பக் கஷ்டம் எழுத வேண்டாம், போலீசில் சொல்வேன் என்று மிரட்டவும் வேண்டாம். அதில் நடக்கவில்லை என்றால் இந்தியாவுக்கான குறைதீர் அலுவலருக்கு எழுதலாம், விதிப்படி குறிப்பிட்ட நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் திருப்தி இல்லையென்றால் 2023-ல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையத்திலேயே போகலாம். மறுபரிசீலனை கேட்கும்போது ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும், எனவே கோபத்தில் அந்த சிம்மைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், ரீசார்ஜும் போட்டு வையுங்கள்.