கடலோர வீட்டில் சின்னச் சின்ன மகிழ்ச்சிப் பழக்கங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனசுக்கு நல்லது செய்யும் சின்னப் பழக்கங்களைக் கடிகாரத்தோடு கட்டிவைப்பதுதான் நம் கரையில் அதிகம் நடக்கும் தவறு. ‘காலை ஐந்து மணிக்கு நடை, இரவு ஒன்பதுக்கு டைரி’ என்று தொடங்குவார்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள் என்று முறை வைத்துத்தான் தொழில். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் கிளம்பும் நேரத்தைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் ஐந்து மணி என்பது ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் நடுக்கடல்.

மணியை விட்டுவிட்டு, எப்படியும் செய்கிற ஒரு வேலையின் வாலில் பழக்கத்தைக் கட்டுங்கள். கரையேறிக் கால் கழுவியதும் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவது, உலை வைத்ததும் அக்காவுக்கோ சித்திக்கோ ஒரு போன், கருவாட்டைக் காயப் போட்டதும் பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை. வேலை எந்த நேரத்துக்கு வந்தாலும் பழக்கமும் கூடவே வரும்.

‘21 நாளில் பழக்கமாகிவிடும்’ என்பதையும் நம்ப வேண்டாம். முக அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக அவ்வளவு நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் எழுதியதுதான் திரிந்து இப்படி ஆனது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவாக 66 நாள். அந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்தது, ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெடவில்லை என்ற முடிவு. புயல் எச்சரிக்கையில் நாலு நாள் எல்லாம் குலைந்ததற்காக ‘எனக்கு இது ஒத்துவராது’ என்று கைவிட்டவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் தனிச் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது. அதோடு கட்டிய பழக்கமும் நின்றுபோகும். அந்த மாதங்களுக்கு வேறு கொக்கி தேடுங்கள். வலை பொத்த உட்காரும் இடம் நல்ல இடம், பேச்சுத் துணை தானாக வரும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதிவைப்பதைத் தினக் கடமையாக்குவதும் தவறு. சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் நடத்திய ஆறு வாரச் சோதனையில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கீழக்கரையில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, தங்கச்சிமடத்தில் ஞாயிறு பூசை முடிந்து, வீட்டாரிடம் வாயால் சொன்னாலும் போதும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, பெரிய துயரத்துக்குச் சின்னப் பழக்கத்தை மருந்தாகச் சொல்வது. படகு பிடிபட்ட வீட்டில், கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் போய் ‘நல்லதை நினை’ என்பது இரக்கமில்லாத பேச்சு. அங்கே தேவை பணம், ஆள், சட்ட உதவி. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ‘வாழவே பிடிக்கவில்லை’ என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416 இலவச எண், இரவிலும் தமிழில் பேசலாம். அவர் தயங்கினால் நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.