மைக் இல்லாமல் வில்லுப்பாட்டு: உங்கள் ஊர் காபிக் கடையில் நடத்துவது எப்படி?

போன கார்த்திகையில், பாளையங்கோட்டையில் நண்பர் நடத்தும் காபிக் கடையில் மைக், ஸ்பீக்கர் எதுவுமில்லாமல் ஒரு வில்லுப்பாட்டு வைத்தோம். 45 பேர் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கப்புறம் இன்னும் மூன்று முறை நடத்திவிட்டோம். "எங்க ஊர்லயும் வைக்கணும், எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு.

ஏன் மைக் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதிலிருந்து வில்லுப்பாட்டு கேட்டதெல்லாம் கோயில் கொடைகளில் (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள்), குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான். வில்லோடு சேர்த்து அடிக்கும் மண்குடத்தின் கனத்த ஒலி அதில் வரவே வராது. சின்ன அறையில் ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால், குடத்தை அடிக்கும் பாளைமட்டைத் தட்டு, அதாவது பத்தி, குடத்தின் வாயில் விழும்போது வயிற்றுக்குள் 'கும்' என்று இறங்கும். வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் பட்டு நாண் அடங்கிய பிறகும், வில்லின் ஓரத்து மணிகள் கொஞ்ச நேரம் சிணுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சிணுங்கலைக் கேட்கத்தான் இத்தனை சிரமமும்.

முதல் வேலை, கலைஞர்களிடம் பேசுவது. பங்குனி தொடங்கி ஆவணி வரை அவர்களுக்குக் கொடைக்காலம். அதிலும் செவ்வாய், வெள்ளியில் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். வேலை குறைவான காலம், அவர்களுக்கும் உதவியாக இருக்கும். யாரையும் தெரியாதென்றால் பக்கத்து ஊர் சுடலைமாடன் கோயில் நிர்வாகிகளிடம் கேளுங்கள். எந்தக் குழு நன்றாகப் பாடும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சம்பளத்தை வசூலோடு சேர்க்காதீர்கள். "வர்ற கூட்டத்தைப் பார்த்துத் தர்றோம்" என்று ஒரு கலைஞரிடம் சொல்வது தப்பு. நாங்கள் 5 பேருக்கு ஆளுக்கு 2,000 ரூபாய், வேனுக்கு 2,000 ரூபாய் என்று பேசி, பாதியை அன்றைக்கே கொடுத்துவிட்டோம். டிக்கெட் 300 ரூபாய். 45 பேருக்கு 13,500 வந்தது. மிச்சம் 1,500 ஜமக்காள வாடகைக்கும் காபிக்கும் சரியாகப் போனது.

என்ன கதை, எவ்வளவு நேரம் என்பதைப் புலவரிடம் (குழுவின் தலைமைப் பாடகர்) விட்டுவிடுங்கள். கொடையில் விடிய விடியப் பாடுகிறவர்கள் அவர்கள். ஒன்றரை மணி நேரம்தான் என்று சொன்னால், எந்தப் பகுதியை எடுத்தால் கதை முழுசாக நிற்கும் என்று அவர்களே முடிவு செய்வார்கள். கோயிலுக்கு வெளியே பாட மனம் வராத கதைகளும் உண்டு. வற்புறுத்த வேண்டாம்.

அடுத்தது அறை. வாடகை ஸ்பீக்கருக்குச் செலவழிக்கும் பணத்தை இங்கே போடுங்கள். நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் 'ட்ஞ்ஞ்' என்று ஒரு வால் தொங்கினால், பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள எல்லாக் கடைகளிலும் இந்த வால் இருக்கும். தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். பாடுகிறவர்களுக்கு எதிர்ச் சுவரில் கனமான போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். மெல்லிய திரைச்சீலை போதாது. இதற்கென்று விற்கும் பஞ்சுப் பலகைகளும் தேவையில்லை, பழைய ஜமக்காளமே எனக்குப் பிடித்தது. குடத்தை மூலையில் வைக்காதீர்கள், மூலை அதன் ஒலியை ஊதிப் பெரிதாக்கிப் பாட்டை விழுங்கிவிடும். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி, வைக்கோல் பிரிமணை மேல் வையுங்கள். வாசலையும் அளந்துகொள்ளுங்கள். வில் நீளமானது. எங்கள் கடை நடையில் அதைத் திருப்ப முடியாமல், பின்பக்கச் சமையல்கட்டு வழியாகக் கொண்டுவந்தோம்.

பிறகு சத்தங்கள். காபிக்கொட்டையை மாலை 5 மணிக்குள் அரைத்து முடித்துவிடுங்கள். டவரா டம்ளர் எனக்கு உயிர், ஆனால் பாட்டு நடக்கும்போது அது 'டிங்'கென்று விழுந்தால் கதை அறுந்துபோகும். தொடங்கும் முன் ஒரு காபி, இடைவேளையில் ஒரு காபி, நடுவில் பரிமாறல் கிடையாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், கார்த்திகை என்பதால் தாங்கும். ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். அதன் உறுமல் நமக்குப் பழகிப்போயிருக்கும், நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் ஓடியதே தெரியும். கதவைத் திறக்காமல் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பால் கெடாது. திரும்பப் போட மறக்காமலிருக்க, உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

இனி, முதல் நாள் எங்களைத் தடுமாற வைத்த விஷயம்: உடுக்கு, இடை சிறுத்த அந்தச் சின்னத் தோல் கருவி.

கலைஞர்களுக்கு ஓய்வான காலம் என்றால் அது மழைக்காலம். மழைக்காலம் என்றால் தோல் தொய்ந்துவிடும். இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. 6 மணிக்கு உடுக்குக்கார அண்ணாச்சி தட்டிப் பார்த்தார். 'தொப்' என்றது. உடுக்கின் இடுப்புக் கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சுருதி ஏறவில்லை. சூடு காட்டினால் சரியாகும் என்று தெரியும், எனவே நான் அதை வாங்கிப் பால் பாய்லர் பக்கத்தில் வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் முன்னைவிட மோசம், ஈரத்துணியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "ஆவியில காட்டப்படாது தம்பி. தோலு தண்ணியைக் குடிச்சிரும். தணலுல்லா வேணும்" என்றார்.

இரண்டு கடை தள்ளி ஒருவர் கரிப்பெட்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நேரே அவரிடம் போனார். பெட்டியின் மூடியைத் திறந்து, தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உடுக்கைப் பிடித்து, தோசையைத் திருப்புகிற மாதிரி இரு முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அவ்வப்போது புறங்கையைத் தோலில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கை பொறுக்கும் சூடுதான் கணக்கு, அதற்கு மேல் போனால் தோல் கிழிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் தட்டினார். 'ணங்' என்றது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே, ஒரு சட்டியில் கரித்தணல் போட்டு, கடைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் தயாராக வையுங்கள். அடைத்த அறைக்குள் கரி எரிக்கக் கூடாது, புகை தெரியாவிட்டாலும் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஆபத்து. தொடங்குவதற்கு 15 நிமிஷம் முன்பு ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை காட்ட நேரம் ஒதுக்குங்கள். இடைவேளையை 20 நிமிஷமாக வைத்ததே இதற்காகத்தான்.

நேரம்: நாங்கள் 6:30க்குத் தொடங்கி 8:30க்கு முடிப்போம். மைக் இல்லையே என்று இரவை இழுக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 மணிக் கட்டுப்பாடு ஒலிபெருக்கிக்கு மட்டுமல்ல, இசைக்கருவிகளுக்கும் உண்டு. மாடியில் குடியிருப்பவர்களிடம் முந்தின நாளே போய்ச் சொல்லி, அவர்களையும் கூப்பிடுங்கள். எங்களுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தது மாடிவீட்டு ஆச்சிதான்.

உட்காரும் முறைக்கு ஒரே ஒரு யோசனை: நாற்காலிகளை எடுத்துவிட்டு, வில்லைச் சுற்றி அரைவட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள். கடைசி ஆளும் 15 அடிக்குள் இருக்கட்டும். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும்போது கூட்டமும் சேர்ந்து "ஆமா" சொல்லும். அது தூரத்திலிருந்து வராது.

பின்சேர்க்கை 1: கரித்தணல் கிடைக்காத ஊரில் ஹேர் டிரையர் ஆகுமா என்று நாகர்கோவிலிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மூன்றாவது நிகழ்ச்சியில் முயன்று பார்த்தோம். குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வேலை செய்கிறது. ஆனால் சீக்கிரமே திரும்பத் தொய்கிறது, அதனால் இடைவேளையில் கட்டாயம் மறுபடி காட்ட வேண்டும். எனக்குத் தணல்தான்.

பின்சேர்க்கை 2: ஏசி உள்ள கடையில் வைத்த இன்னொரு நண்பருக்கு நேர் எதிரான சிக்கல். ஏசிக் காற்று தோலின் ஈரத்தை இழுத்துவிட, பாட்டு நடுவில் உடுக்கின் சுருதி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வில் குழுவை ஏசிக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள். கூட்டம் வருவதற்கு முன் அறையைக் குளிரவைத்து, முதலில் பாடும் காப்புப் பாட்டு (கடவுள் வணக்கம்) தொடங்கும்போது ஏசியை நிறுத்திவிடுங்கள்.