படித்த புத்தகம் சவால் கணக்கில் ஏறவில்லையா?

குட்ரீட்ஸ் என்பது படித்த புத்தகங்களைப் பதிவு செய்துவைக்கும் இணையதளம். 'இந்த ஆண்டில் இத்தனை புத்தகம் படிப்பேன்' என்று நாமே இலக்கு வைக்கும் அதன் வாசிப்புச் சவாலில் ஒரு புத்தகம் சேருமா என்பதை முடிவு செய்வது, நீங்கள் அதைப் படித்து முடித்த தேதிதான். அது எந்த ஆண்டு வெளிவந்தது, எத்தனை பக்கம் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. பலர் 'படித்தது' (Read) அலமாரியில், அதாவது அந்தத் தளத்தின் பட்டியலில், போட்டுவிட்டு, எண்ணிக்கை கூடவில்லையே என்று தவிக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக்கான உங்கள் குறிப்பைத் திறந்து, முடித்த தேதி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாள் நினைவில்லையா? சரி, ஆண்டை மட்டும் போட்டாலும் போதும்.

டிசம்பர் 28இல் தொடங்கி ஜனவரி 3இல் முடித்தது புது ஆண்டுக் கணக்கு. அப்புறம், மறுவாசிப்பும் தாராளமாகச் சேரும். ஆனால் பழைய தேதியைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். அந்த ஆண்டில் ஒன்று குறைந்துவிடும். அதே இடத்தில் இன்னொரு தேதி சேர்க்க வழி இருக்கிறது.